பன்னிரண்டு மணி நேரமும் பத்து நாளும்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற கேள்வி, இதை எவ்வளவு சீக்கிரம் குடிக்கலாம் என்பது. இங்கிலாந்தில் 1963 முதலும், அமெரிக்காவில் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் வீட்டு பீர் குற்றமில்லை என்றானது. அன்றிலிருந்து இதைப் பற்றி அங்கே நிறைய எழுதியிருக்கிறார்கள். கோதுமை பீருக்கு அவர்கள் சொல்லும் கணக்கு பத்து முதல் பதினான்கு நாள். எல்லாம் கூடிவந்தால் ஒரு வாரம். இராமநாதபுரம் கடற்கரையிலோ, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் என்று நீளும் பனங்காட்டு வரிசையில், ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையுள்ள ஒரு நீர் பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய அதே அளவு போதையுள்ள மதுவாகிவிடுகிறது. ஈஸ்ட் பொட்டலமும் வெப்பமானியும் மூடிபோட்ட பாத்திரமும் அதற்கு வேண்டியதில்லை. பனம்பாளையிலிருந்து சொட்டும் சாறுதான் அந்த நீர்.

ஒரே வேலைக்கு ஓரிடத்தில் பத்து நாளும் இன்னோரிடத்தில் அரை நாளும் ஆவது ஏன்? நொதித்தலின் வேகம் எதனால் வருகிறது என்று அறிய இதைவிட நல்ல ஒப்பீடு கிடைப்பது அரிது. இந்தக் கரையில் அந்த வேகத்தோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிவந்தவர்களின் அறிவை யாரும் அறிவாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் ஆதங்கம். அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் கோதுமை பீர். முளைகட்டி உலர்த்திய கோதுமையையும் பார்லியையும் உடைத்து, 65 டிகிரி செல்சியஸ் அளவில் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். முளையிலிருக்கும் நொதிகள் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும். வடித்த இனிப்பு நீரைக் கொதிக்கவைத்து, கொஞ்சம் ஹாப்ஸ் பூ சேர்த்து, ஆறவைத்து ஈஸ்ட் இடுவார்கள். அந்த நீரில் சர்க்கரை சுமார் 12 சதவீதம் இருக்கும். நொதித்து முடியும்போது சுமார் 5 சதவீத ஆல்கஹால். ஜெர்மனியின் பவேரியாவில் 1516-ஆம் ஆண்டின் பீர் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றை மட்டுமே அனுமதித்தது. கோதுமை ரொட்டிக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஆனாலும் ஒரு பிரபுக் குடும்பத்துக்குக் கோதுமை பீர் காய்ச்ச விலக்குரிமை இருந்தது. 1602-இல் அது பவேரிய அரச குடும்பத்தின் கைக்குப் போயிற்று. 1872-இல் ஜார்ஜ் ஷ்னைடர் அந்த உரிமையைப் பெற்ற பிறகுதான் கோதுமை பீர் தனியார் காய்ச்சுபவர்களிடம் வந்தது.

பீர் வகைகளில் அவசரக்காரர்களுக்கு முதலில் சொல்லப்படுவது கோதுமை பீர்தான். அதைத் தெளியவைக்க வேண்டியதில்லை. கலங்கலாக, ஈஸ்ட் மிதக்க, இளசாகக் குடிப்பதுதான் அதன் முறை. அந்த ஈஸ்ட் தருகிற வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் நாள்பட்டால் மங்கிவிடும். எனவே காத்திருப்பதில் லாபமில்லை.

அப்படியும் ஏன் பத்து நாள்? ஈஸ்ட் இட்டவுடன் நுரை வருவதில்லை. முதல் பல மணி நேரம் அது சூழலைப் பழகிக்கொள்கிறது. ஆக்சிஜனை இழுத்துத் தன் சவ்வைக் கட்டிக்கொண்டு பெருகுகிறது. அப்புறம் இரண்டு மூன்று நாள் வேகமான நொதிப்பு. சர்க்கரை பெரும்பாலும் அந்த நாட்களிலேயே தீர்ந்துவிடும். மிச்ச நாட்களெல்லாம் துப்புரவுக்கு ஆகின்றன. நொதிப்பின் நடுவில் ஈஸ்ட் வெளியே தள்ளிய சில பொருள்கள், வெண்ணெய் வாசம் தரும் டைஅசிட்டைல், பச்சை ஆப்பிள் வாசம் தரும் அசிட்டால்டிஹைடு போன்றவை, ஈஸ்ட்டாலேயே திரும்ப உள்ளிழுக்கப்பட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அவசரத்தில் புட்டியில் அடைத்தால் வாசம் கெடும்; மிச்சச் சர்க்கரை உள்ளேயே நொதித்துப் புட்டி வெடிப்பதும் உண்டு.

அந்த நாட்களைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதில் காய்ச்சுபவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஈஸ்ட்டைப் போதிய எண்ணிக்கையில் இடுவது முதலாவது. சாதாரணக் கணக்குப்படி 20 லிட்டருக்குச் சுமார் 18,000 கோடி உயிருள்ள செல்கள் வேண்டும். அதைக் குறைத்தால் பெருகுவதிலேயே ஒரு நாள் போய்விடும். இடும் வேளையில் நீரை நன்றாகக் குலுக்கிக் காற்றேற்ற வேண்டும். வெப்பத்தை 18-இலிருந்து 22, 24 டிகிரி வரை ஏற்றலாம். அதற்கு மேலே போனால் வழக்கமான கோதுமை பீர் ஈஸ்ட் தலைவலி தரும் கனமான ஆல்கஹால்களையும் கரைப்பான் நெடியையும் உண்டாக்கத் தொடங்கும். குளிர்நாட்டு ஈஸ்ட்டின் வேகத்துக்கு எல்லை போடுவது அதன் சோம்பல் என்று நினைப்பது தவறு. தாங்கும் வெப்பம்தான் எல்லை.

பாம்பன் தீவில் பங்குனி, சித்திரை மாதங்களில் பகலில் 33, 34 டிகிரி அடிக்கும். கடலுக்கு நடுவே இருப்பதால் இரவிலும் 26, 27-க்குக் கீழே அவ்வளவாக இறங்காது. இரவும் பகலும் சேர்ந்து பார்த்தால் 30 டிகிரியை ஒட்டிய, பெரிய ஏற்ற இறக்கமில்லாத வெப்பம். ஐரோப்பியக் காய்ச்சுநர் மின்சாரம் செலவழித்துத் தவிர்க்கிற அளவு அது. பனஞ்சாற்றின் பருவமும் இதுதான். தை, மாசியில் பாளை வரத் தொடங்கி ஆனி, ஆடி வரைக்கும் போகும்.

பாளைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் வேகத்தின் காரணம் விளங்கும். பனையேறி முதலில் பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்துகிறார். பூக்காம்பு உடையாமல், ஆனால் உள்ளே சாறு இளகும்படி அழுத்த வேண்டும். கை தவறினால் பாளை அழுகும். சில நாள் இப்படிப் பழக்கிய பிறகு நுனியைச் சீவுகிறார். அப்புறம் காலையும் மாலையும், இலைபோல் ஒரு மெல்லிய சீவல். ஒவ்வொரு முறையும் புதுவெட்டு வேண்டும். இல்லாவிட்டால் வாய் அடைத்துச் சாறு நின்றுவிடும். சீவிய பாளையைக் கலயத்துக்குள் விட்டுக் கட்டுகிறார். சொட்டுச் சொட்டாக விழுகிற சாறு அடுத்த ஏற்றம் வரை, பத்துப் பன்னிரண்டு மணி நேரம், அதற்குள் சேர்கிறது. சாறு பாளைக்குள் இருக்கும்போது ஏறக்குறைய நடுநிலையாக, புளிப்பில்லாமல் இருக்கும். சர்க்கரை 10 முதல் 14 சதவீதம், பெரும்பாலும் சுக்ரோஸ். வெட்டுவாயில் ஈயும் தேனீயும் எறும்பும் மொய்க்கும். அவற்றின் காலோடு ஈஸ்ட் வந்துசேரும். நேற்றைய கலயத்தின் மண்சுவரில் முந்தைய சாற்றின் ஈஸ்ட் ஏற்கெனவே குடியிருக்கும்.

ஆக, முதல் சொட்டு விழும்போதே நொதிப்பு தொடங்கிவிட்டது. பீர் காய்ச்சுநருக்கு ஒரு நாள் பிடிக்கிற பெருக்கம் இங்கே சேகரிப்பின் போதே நடக்கிறது. கலயத்தில் கொஞ்சம் சாறுதான் இருக்கும்போது அதில் ஈஸ்ட் அடர்த்தியாகப் பெருகிவிடும். பிறகு வருகிற ஒவ்வொரு சொட்டும் ஏற்கெனவே வேலையில் இருக்கும் கூட்டத்தின் நடுவே விழுகிறது. தொழிற்சாலைகள் இந்த முறைக்கு மிகுந்த செலவு செய்திருக்கின்றன. நியூசிலாந்தில் மார்ட்டன் கூட்ஸ் 1950-களில் பீரைத் தொட்டி தொட்டியாக நொதிக்கவைப்பதை விட்டு, ஒரு பக்கம் இனிப்பு நீர் ஓடிவந்துகொண்டே இருக்க மறுபக்கம் பீர் வெளியேறிக்கொண்டே இருக்கும் தொடர் நொதிப்பு முறையைக் காப்புரிமை செய்தார். நாள்கணக்கில் ஆகும் வேலை மணிக்கணக்காயிற்று. மரத்தில் தொங்கும் மண்கலயத்துக்கும் அவருடைய உருக்குத் தொட்டிக்கும் கருத்தளவில் ஒரு வேறுபாடுதான்: கலயத்திலிருந்து வெளியேற்றம் நாளுக்கு இரண்டு முறை மட்டும்.

இரண்டாவது காரணம் சர்க்கரையின் வகை. கோதுமை நீரில் மிகுதியாக இருப்பது மால்ட்டோஸ். அதை உள்ளே எடுத்துச்செல்ல ஈஸ்ட் தனிக் கதவு கட்ட வேண்டும், ஆற்றலும் செலவிட வேண்டும். குளுகோஸ் தீரும்வரை அந்தக் கதவைக் கட்டவும் செய்யாது. பனஞ்சாற்றின் சுக்ரோஸை ஈஸ்ட் தன் வெளிச்சுவரிலேயே குளுகோஸாகவும் பிரக்டோஸாகவும் பிளந்து நேராக உண்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலையை மரம் முன்பே முடித்துவைத்திருக்கிறது.

மூன்றாவது காரணம் ஈஸ்ட்டே இல்லை. கள்ளில் ஸைமோமோனாஸ் மொபிலிஸ் என்றொரு பாக்டீரியா வாழ்கிறது. மெக்சிகோவின் கற்றாழைக் கள்ளான புல்கேயிலிருந்து பால் லிண்ட்னர் 1920-களில் பிரித்தெடுத்த உயிர் அது; பனங்கள்ளிலும் பிறகு கண்டறியப்பட்டது. ஈஸ்ட் ஒரு குளுகோஸிலிருந்து இரண்டு பங்கு ஆற்றல் எடுக்கிறது என்றால் இது ஒரு பங்குதான் எடுக்கும். வாழ்வதற்கே அதிகச் சர்க்கரையை ஓட்டித்தள்ள வேண்டியிருக்கிறது. அதனால் உடம்பு வளர்வதைவிட ஆல்கஹால் வேகமாக வருகிறது. எரிபொருள் ஆல்கஹால் ஆய்வாளர்கள் இதன் பின்னாலேயே பல பத்தாண்டுகளாக இருப்பதற்கு இதுதான் காரணம். இது பீர் அவசரக்காரர்களுக்கு உதவுமா? உதவாது. குளுகோஸ், பிரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றைத்தான் இதனால் உண்ண முடியும். மால்ட்டோஸைத் தொடவே முடியாது. கோதுமை நீரில் விட்டால் பட்டினி கிடக்கும். பீரில் தனியாகச் சர்க்கரை சேர்க்கும் இடங்களில் மட்டும் இது நுழைந்து அழுகல் நாற்றத்தைக் கிளப்பும். பீர் ஆலைகள் இதை எதிரியாகவே அறிந்திருக்கின்றன. ஓரிடத்தின் வேகத்தை இன்னோரிடத்துக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கள்ளில் கூடவே இருக்கும் இன்னொரு பாக்டீரியா நம் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. லியூகோனாஸ்டாக் மெசன்டராய்டிஸ். இட்லி மாவை இரவோடிரவாக உப்பவைப்பது இதுதான். பனஞ்சாற்றில் இது பெருகினால் சாறு கொழகொழப்பாகும், இலேசாகப் புளிக்கும். அதன் பின்னால் ஈஸ்ட், ஸைமோமோனாஸ். எல்லாம் ஓய்ந்து காற்றுப் படும்போது அசிட்டோபாக்டர் வந்து ஆல்கஹாலைக் காடியாக்கும். காலை இறக்கிய கள் மதியம் தெளிந்த போதையோடு இருக்கும். மறுநாள் வாயில் வைக்க முடியாது. துப்புரவுக்கென்று பீரில் ஒதுக்குகிற நாட்கள் இங்கே கிடையா. அந்த இலேசான புளிப்பும் நுரையும் பச்சை வாசமும்தான் கள்ளின் ருசி என்று குடிப்பவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை வேகமான ஒரு நீரை வைத்துக்கொண்டு இந்தக் கரை செய்த பெரிய காரியம், அதை நிறுத்தக் கற்றதுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சாறு காரமாகிறது, ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருக முடிவதில்லை, சுக்ரோஸைப் பிளக்கும் நொதியும் முடங்குகிறது. சொட்டுவது கள்ளாகாமல் பதநீராக நிற்கிறது. கேட்கச் சுலபம். எவ்வளவு சுண்ணாம்பு என்பதில்தான் ஒரு வாழ்நாள் பழக்கம் இருக்கிறது. குறைந்தால் விடிவதற்குள் புளித்துவிடும். கூடினால் குடிப்பவர் நாக்கு வெந்துபோகும், கருப்பட்டி கறுத்துக் கசக்கும். பாளை புதிதா பழையதா, சாறு அதிகம் விழுகிற மரமா குறைவா, மேகம் போட்டிருக்கிறதா, வெயில் காய்கிறதா என்று பார்த்து விரலால் தடவுகிற அளவு மாறும். அளவுகோல் எதுவும் கிடையாது. பீர் காய்ச்சுநர் காரகாடித்தன்மையை அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு செய்வதைப் பனையேறி சுட்டுவிரலில் செய்கிறார். இதைச் சிறப்பித்துச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. தடவிய அளவு தப்பானால் அன்றைக்குக் கூலி இல்லை.

சுண்ணாம்பும் நேரத்தைத் தள்ளிப்போடத்தான் செய்யும், நிறுத்திவிடாது. வெயில் ஏற ஏறப் பதநீர் திரும்பத் தொடங்கும். அதனால் இறக்கிய கையோடு, கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்குப் போக வேண்டும். சாயல்குடி, கடலாடிப் பக்கத்துப் பனங்காடுகளில் காய்ந்த ஓலையும் மட்டையும் எரித்து, பெரிய தாழியில் பதநீரைப் பல மணி நேரம் காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். கொஞ்சம் முன்னமே நொதித்த சாறு கலந்திருந்தால் காய்ச்சும்போதே தெரிந்துவிடும். சுக்ரோஸ் பிளந்து போயிருக்கும்; பாகு உறையாது, அச்சில் ஊற்றினால் இளகி ஒட்டும். மரத்தின்மேல் சில மணி நேரம் நடந்த தவறு அடுப்படியில் வெளியே வருகிறது. இராமேஸ்வரம் கோயில் வாசலில் யாத்திரிகர் வாங்குகிற ஓலைக்கொட்டான் கருப்பட்டி கடினமாக, உடைத்தால் படிகமாக இருந்தால், அந்த மரத்தில் நொதிப்பு சரியான நேரத்தில் தடுக்கப்பட்டது என்று பொருள்.

தானியத்திலிருந்து விரைவாக மது வடிக்கும் முயற்சி தமிழ்நாட்டில் நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது, எழுத்தில் பதிவும் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், குளக்கரை வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கப்போகும் விருந்து சொல்லப்படுகிறது. நன்றாகக் குத்தாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, இடித்த முளையைச் சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் பச்சைத்தன்மை நீங்க விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள்; சுட்ட மீனோடு தருகிறார்கள். இதைச் செய்முறைக் குறிப்பாகவே படிக்கலாம். தானியக் கஞ்சி, முளையின் நொதி, ஆறவைத்தல், காலம், முதிர்ச்சி, வடித்தல் என்று பீருக்கு வேண்டிய படிகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பீர் முறையிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் மட்டும் விலகுகிறது. பீரில் மாவு சர்க்கரையாவது தனிக்கட்டம், நொதிப்பு தனிக்கட்டம். நடுவே கொதிக்கவைத்து முளையின் நொதியைக் கொன்றுவிடுகிறார்கள். இந்தச் சாடியில் கொதிப்பு இல்லை. ஒருபக்கம் முளை மாவை வெட்டிக்கொண்டே இருக்க, மறுபக்கம் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கிறது. ஜப்பானின் சாக்கேயிலும் மணிப்பூரில் ஹமேய் என்ற ஈஸ்ட் வில்லையால் செய்யும் அரிசி மதுவிலும் இதே இணைவேலைதான்.

இரண்டு நாள் என்ற கணக்கு நம்பத்தக்கதா? தமிழ்நாட்டு வெப்பத்தில், ஏற்கெனவே பயன்படுத்திய சாடியில், ஈஸ்ட் ஒட்டிய முளைமாவோடு என்றால் நிச்சயமாக நம்பலாம். கிடைத்தது இன்றைய பீரின் போதையளவு இருந்திருக்காது; இனிப்பும் புளிப்புமாக, கலங்கலாக, கொஞ்சம் கஞ்சிபோல இருந்திருக்கும். கோதுமை பீரை இளசாகக் குடிக்கும் பவேரியருக்கும் இந்த வலைஞருக்கும் ருசியில் வெகுதூரம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

வெப்பத்தில் வேலை செய்யும் பீர் ஈஸ்ட் உண்டா என்ற கேள்விக்கு அண்மையில் நார்வே நாட்டிலிருந்து பதில் வந்தது. மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் க்வெய்க் என்ற ஈஸ்ட்டைப் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து காப்பாற்றிவந்திருக்கிறார்கள். ஒரு காய்ச்சலின் அடிமண்டியை மரவளையத்தில் தடவி உலரவைத்து, அடுத்த காய்ச்சலுக்கு எடுப்பார்கள். லார்ஸ் மாரியஸ் கார்ஷோல் ஊர் ஊராகப் போய் இதைப் பதிவுசெய்தார். 2018-இல் வெளியான ஆய்வு, இவை மற்ற பீர் ஈஸ்ட்களிலிருந்து விலகிய தனிக் குடும்பம் என்று காட்டியது. 30 முதல் 40 டிகிரி வரையிலும் கெட்ட வாசம் இல்லாமல் இரண்டு மூன்று நாளில் நொதித்து முடிக்கும். குளிர்நாட்டில் இப்படியொரு ஈஸ்ட் எப்படி வந்தது என்று வியக்கலாம். காய்ச்சிய நீர் உடல்சூட்டுக்கு ஆறியவுடனே ஈஸ்ட் இடுவதும், சீக்கிரம் குடித்துத் தீர்ப்பதும் அங்கே வழக்கம். அந்த வழக்கம் நூற்றாண்டுகளாக வேகமான ஈஸ்ட்டை மட்டும் தேர்ந்து வைத்துக்கொண்டது. இன்று இராமநாதபுரம் வெயிலில் வைத்தாலும் கோதுமை பீரை நான்கைந்து நாளில் குடிக்கும் பதத்துக்குக் கொண்டுவரக்கூடிய ஈஸ்ட் அதுதான். என்ன, வாழைப்பழம், கிராம்புக்குப் பதில் ஆரஞ்சுத்தோல் வாசம் வரும்.

க்வெய்க்கைப் படிக்கும்போதெல்லாம் பனங்கலயம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. 30 டிகிரியில் பிறந்து, அந்த வெப்பத்திலேயே வாழ்ந்து, ஒவ்வொரு நாளும் வேகத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட ஈஸ்ட் இந்தக் கரையில் இருக்கிறது. மாவுக்கும் அதற்கும் உறவு புதிதல்ல. கேரளத்திலும் இலங்கையிலும் ஆப்பமாவைக் கள்விட்டுத்தான் புளிக்கவைப்பார்கள். பொட்டலத்து ஈஸ்ட் வருமுன் கோவாவிலும் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ரொட்டிக்காரர்கள் கோதுமை மாவைக் கள்ளால்தான் உப்பவைத்தார்கள். கள் ஈஸ்ட் கோதுமையின் மால்ட்டோஸை ஓரளவேனும் உண்ணும் என்பதற்கு அந்த ரொட்டிகளே சாட்சி.

சட்டத்தைப் பேசாமல் இந்த ஆய்வு முடியாது. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அனுமதியில்லாமல் மது தயாரிப்பதைத் தடுக்கிறது. கோதுமை பீர் குடிக்க ஆசைப்படுகிறவர் பெங்களூருக்குப் போய்ச் சிறு பீர் கூடங்களில் குடிக்கலாம். வீட்டில் காய்ச்சிப் பார்க்க முடியாது. கள் விஷயம் இன்னும் சிக்கல். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது கள்ளுக்கடைகள் திறந்தன, 1973-இல் மூடப்பட்டன. 1981-இல் மறுபடி திறந்து, 1987 ஜனவரி 1-இல் மூடியவை இன்றுவரை திறக்கவில்லை. 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. ஆலை பீர் அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. அண்டை மாநிலமான கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள் தடையில்லை. தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர் கடல்தாண்டினால் தலைமன்னார். அந்தக் கரையில், யாழ்ப்பாணத்தில், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளை இறக்கி விற்கின்றன. சூடாக்கி நொதிப்பை நிறுத்திப் புட்டியிலும் அடைக்கின்றன. ஒரே மரம், ஒரே வெயில், ஒரே ஈஸ்ட். இடையில் ஒரு நீரிணைதான்.

தடைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன். கள்ளின் வேகமே அதன் பலவீனம். ஒரு நாளைக்கு மேல் நிற்காத சரக்கை நகரத்துக்குக் கொண்டுபோய் விற்க முயன்றால் கலப்படம் நுழையும். தெலங்கானாவில் குளோரல் ஹைட்ரேட், டயாஸிபாம் கலந்த கள் குடித்து மக்கள் பட்ட பாடு செய்திகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. மரம் தருவதைவிட அதிகமாகக் கடை விற்றால் மிச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்த வாதம் தடையைவிட வேறொன்றைத்தான் கேட்கிறது: மரத்தடி விற்பனை, மரக்கணக்கு, அன்றைய சரக்கு அன்றைக்கே. தமிழ்நாடு கள் இயக்கத்தின் செ. நல்லசாமி பல ஆண்டுகளாகக் கள் உணவு, போதைப்பொருள் இல்லை என்று வாதாடிவருகிறார். ஆல்கஹால் இருக்கும் ஒன்றை முழுக்க உணவு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. குடியால் சிதைந்த வீடுகள் இந்தக் கரையிலும் உண்டு. ஆனால் 5 சதவீத ஆலை பீரை விற்கிற அரசுக்கு 5 சதவீதக் கள்ளைத் தடுக்க என்ன நியாயம் என்ற அவருடைய கேள்விக்குச் சரியான பதில் இதுவரை வரவில்லை.

தடையால் அன்றாடம் அடிபடுவது பதநீர் இறக்குபவர்கள். பதநீர் அனுமதிக்கப்பட்டது, கள் தடைசெய்யப்பட்டது. இரண்டுக்கும் நடுவே இருப்பது விரலில் ஒட்டிய சுண்ணாம்பும் சில மணி நேரமும். காலை ஏழு மணிக்குச் சட்டப்படி இருந்த பானை வெயிலில் நின்று மதியம் சட்டவிரோதமாகலாம். யாரும் எதுவும் செய்யாமலே. கலயத்தில் சுண்ணாம்பு குறைவு என்று வழக்குப் போடுகிறார்கள் என்பது பனையேறிகளின் நெடுநாள் குறை. நொதிப்பின் வேகம் புரிந்த எவரும் அந்தக் குறையை அலட்சியம் செய்ய மாட்டார். ஆல்கஹால் அளவை அந்த இடத்திலேயே அளந்து, ஓர் எல்லைக்கு மேல் போனால்தான் குற்றம் என்று வைத்தாலாவது நேர்மையாக இருக்கும்.

வேகம் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்ததில் எனக்குத் தெளிவானது, வேகமான நொதிப்புக்கு வேண்டிய எதுவும் இரகசியமில்லை என்பது. தயாராக உள்ள சர்க்கரை, அடர்ந்த ஈஸ்ட், அது தாங்கும் வெப்பம், இளசாகக் குடிக்கச் சம்மதிக்கும் நாக்கு. இவற்றில் விலைகொடுத்து வாங்கக் கடினமானது வெப்பம் தாங்கும் ஈஸ்ட். நார்வேக்காரர்கள் தங்களுடையதைப் பண்ணை பண்ணையாகச் சேகரித்து, மரபணு பார்த்து, பெயரிட்டு வைத்துவிட்டார்கள். இராமநாதபுரம் பனையின் ஈஸ்ட்டை மரம் மரமாக அப்படிச் சேகரித்தாக வேண்டும். சண்டிகரிலும் புனேயிலும் நுண்ணுயிர்களைச் சேமித்துவைக்கும் தேசிய வங்கிகள் இருக்கின்றன. ரொட்டிக்கும் ஆப்பத்துக்கும் எரிபொருள் ஆல்கஹாலுக்கும், சட்டம் இடம்கொடுக்கும் ஊர்களில் கோதுமை பீருக்கும் அது பயன்படும். செங்கல் சூளைக்கு வெட்டுப்பட்டுப் பனை குறைந்துகொண்டே வருகிறது. 2021-இல் அரசு பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்து, மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று சொன்னது நல்ல காரியம். ஆனால் விதைத்த பனை பாளை தர பதினைந்து ஆண்டுக்குக் குறையாமல் ஆகும். அதற்குள் ஏறத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு கவலை.

சேகரிப்புக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. பங்குனி, சித்திரையில், மண்டபம், உச்சிப்புளி, சாயல்குடி, இராமேஸ்வரம் தீவு என்று நாலைந்து இடங்களில், ஆண்பனை ஒன்று பெண்பனை ஒன்று தேர்ந்து, வெட்டுவாயிலிருந்தும் கலயத்தின் அடிமண்டியிலிருந்தும் காலை, மதியம், மாலை மாதிரி எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தால் போதும். கூட வருவதற்கு ஏறத் தெரிந்த ஒரு பனையேறி வேண்டும். எந்த மரத்துச் சாறு சீக்கிரம் திரும்பும், எது நின்று நிதானிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்தக் கலயத்தில் சுண்ணாம்பு தடவக் கூடாது. சுண்ணாம்பில்லாத கலயத்தைப் பாளையில் கட்டுவது இன்றைய சட்டத்தில் கள் இறக்குவதுதான் என்பதால், அந்த நாலைந்து மரங்களுக்கும் அரசிடம் முதலில் எழுத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும்.